குளிர் பிளாஸ்மா பூஞ்சையைக் கொல்லும், கடலையைக் காப்பாற்றுமா?

திண்டிவனம் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருப்பதாகவும், ஐப்பசி மழையோடு வந்து சேரும் நிலக்கடலையில் பூசணம் பிடிப்பது தீராத தலைவலி என்றும் எழுதியிருக்கிறீர்கள். குளிர் பிளாஸ்மா இயந்திரம் விற்க வந்த ஒருவர், சூடே இல்லாமல் ஈஸ்ட், பூஞ்சை எல்லாம் செத்துவிடும், பூஞ்சை நஞ்சும் போய்விடும் என்று சொன்னாராம். உண்மையா, பணம் போடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்மா பூஞ்சையைக் கொல்லுமா? உங்கள் சாக்கில் இருக்கிற கடலையின் பூஞ்சையைக் கொல்லுமா? பூஞ்சை செத்துவிட்டால் அது நல்ல கடலை ஆகிவிடுமா? முதல் கேள்விக்கு ஆம் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவதற்கு, மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பங்கைக் கொல்லும், உள்ளே இருப்பதைத் தொடாது. மூன்றாவதற்கு இல்லை. முதல் கேள்விக்கான பதிலையே அவர் மூன்றுக்கும் சொல்லியிருக்கிறார்.

உணவு நுண்ணுயிரியல் என் படிப்பு. பதினைந்து வருடமாகப் பூஞ்சைகளோடுதான் வேலை, அதில் ஏழு வருடம் குளிர் பிளாஸ்மாக் கருவியோடு. இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு. அதனாலேயே, செய்யாததைச் செய்யும் என்று சொல்லி யாராவது விற்கும்போது மனசு பொறுப்பதில்லை.

சூடு இல்லாமல் எப்படிக் கொல்லும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். காற்றில் வலுவான மின்புலத்தைச் செலுத்தினால் மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து வெளியே வரும். இப்படி எலெக்ட்ரானும் அயனியும் கலந்து கிடக்கும் வாயுவுக்கு 1928ல் இர்விங் லாங்மியூர் வைத்த பெயர்தான் பிளாஸ்மா. மின்புலத்தில் எலெக்ட்ரான்கள் பல்லாயிரம் டிகிரிக்குச் சமமான வேகத்தில் பாய்கின்றன. ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு எலெக்ட்ரானைவிட ஏறக்குறைய ஐம்பதாயிரம் மடங்கு கனமானது. கடுகு போய் அம்மிக்கல்லில் மோதினால் கல் நகராது அல்லவா, அதுபோல எலெக்ட்ரானின் வேகம் காற்றுக்கு அவ்வளவாகக் கடத்தப்படுவதில்லை. காற்று கை வைக்கும் சூட்டிலேயே இருக்கும். ஆனால் அந்த மோதலில் ஆக்சிஜன், நைட்ரஜன், நீராவி மூலக்கூறுகள் உடைந்து ஓசோன், அணு நிலை ஆக்சிஜன், ஹைட்ராக்சில், நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வெறிகொண்ட பொருட்களாக மாறுகின்றன. கொல்வது சூடு அல்ல, இவைதான். இது நேற்று வந்த விஷயமும் அல்ல. வெர்னர் வான் சீமென்ஸ் 1857லேயே இதே முறையில் ஓசோன் தயாரிக்கும் குழாய் செய்துவிட்டார். உங்கள் செக்குக் கூடத்தில் பழைய ட்யூப் லைட் இருந்தால், அதற்குள் எரிவதும் ஒரு குளிர் பிளாஸ்மாதான். புதியது என்னவென்றால், வெற்றிடக் குழாய்க்குள் அடைக்காமல் திறந்த காற்றிலேயே இதை உண்டாக்கி நுண்ணுயிர் மேல் செலுத்துவது. அந்த ஆராய்ச்சி 1990களின் நடுவிலிருந்துதான் வேகம் பிடித்தது.

எங்கள் கருவி பார்க்க மிகச் சாதாரணம். இரண்டு உலோகத் தகடுகள், ஒன்றின் மேல் குவார்ட்ஸ் கண்ணாடி, நடுவில் ஒரு விரல் நுழையாத சந்து. அந்தச் சந்தில் பூஞ்சை பூசிய தட்டை வைத்து, பத்து இருபது கிலோவோல்ட் மின்னழுத்தம் கொடுப்போம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஊதா நிறத்தில் நூல் நூலாக மின்னும். ஆயிரக்கணக்கான மெல்லிய நூல்கள், ஒவ்வொன்றும் தோன்றிய கணமே மறைந்து வேறிடத்தில் முளைக்கும். சன்னமான ஒரு சீறல் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்போது வருமே, அந்த வாசனை. அது ஓசோன். அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும்.

இப்போது பூஞ்சை. ஈஸ்ட்டும் பூசணமும் ஒரே குடும்பம் என்றாலும் பிளாஸ்மாவுக்கு முன்னால் இரண்டும் ஒன்றல்ல. ஈஸ்ட் ஒற்றைச் செல். அதன் சுவர் குளூக்கன், மேனன், கொஞ்சம் கைட்டின் ஆகியவற்றால் ஆனது. சுவருக்கு உள்ளே எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் கலந்த மெல்லிய சவ்வு. பிளாஸ்மாவில் பிறந்த ஆக்சிஜன் பொருட்கள் சவ்வின் கொழுப்பைத் தாக்கி ஓட்டை போடுகின்றன. உள்ளே இருக்கும் உப்பும் புரதமும் வெளியே கசிகின்றன. பிறகு புரதங்களும் மரபுப் பொருளும் சிதைகின்றன. அகார் என்ற ஈரமான வளர்ப்புக் கூழ் ஊற்றிய தட்டில் மெல்லிசாகப் பூசிய ஈஸ்ட் எங்கள் கருவியில் ஒன்றிரண்டு நிமிடம்கூடத் தாங்காது. பூசணத்தின் வித்து அப்படியல்ல. கெட்டுப்போன ரொட்டியைத் தட்டினால் தூள் பறக்குமே, அதுதான் வித்து. அது பட்டினியும் வெயிலும் தாங்கிக் கிடப்பதற்கென்றே பிறந்தது. தடித்த பல அடுக்குச் சுவர், தண்ணீர் ஒட்டாத மேல்பூச்சு, கருப்பு ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூசணங்களில் மெலனின் நிறமி வேறு. நம் தோலை வெயிலிலிருந்து காக்கும் அதே வகை நிறமிதான், ஆக்சிஜன் தாக்குதலையும் புற ஊதாவையும் வாங்கித் தாங்கிக்கொள்கிறது. உள்ளே பெராக்சைடை உடைத்துப்போடும் கேட்டலேஸ் நொதியும் தயாராக இருக்கிறது. ஈஸ்ட்டுக்கு ஒரு நிமிடம் போதுமென்றால், கருப்புப் பூசண வித்துக்குப் பத்து நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். ஈஸ்ட்டை வைத்து எடுத்த எண்ணைப் பூஞ்சைக்கும் சேர்த்துச் சொல்வது விற்பனையில் அடிக்கடி நடக்கிற தவறு. விற்பவர் காட்டும் தாளில் எந்த உயிரை வைத்துச் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

இதில் நானே ஏமாந்த ஒரு கதை உண்டு. தொடக்க காலத்தில் கருப்பு ஆஸ்பர்ஜில்லஸ் வித்தை ஒரு தட்டில் பூசி, பாதியை மறைத்து, மறு பாதிக்கு எட்டு நிமிடம் பிளாஸ்மா கொடுத்தேன். இரண்டாம் நாள் பார்த்தால் மறைத்த பாதியில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து நடுவில் கருப்புக் கட்டத் தொடங்கியிருந்தது. மறு பாதி கண்ணாடிபோல் சுத்தம். படம் எடுத்து வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் படத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, ஐந்தாம் நாள் பார்" என்றார். ஐந்தாம் நாள் காலையில் சுத்தமாக இருந்த பாதியில் ஊசி முனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. ஏழாம் நாள் பதினேழு புள்ளிகள். அடிபட்ட வித்துகள் சாகவில்லை, காயத்தை ஆற்றிக்கொண்டு தாமதமாக முளைத்திருக்கின்றன. அன்றிலிருந்து இரண்டு நாள் தட்டைக் காட்டி யார் எது சொன்னாலும் நம்புவதில்லை. இன்னொரு கணக்கும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு லட்சம் வித்தில் 99 சதவீதம் செத்தால் கேட்கப் பெரிதாக இருக்கும், மிச்சம் ஆயிரம். ஈரச் சாக்கில் ஆயிரம் வித்து தாராளமாகப் போதும். பிளாஸ்மா பின்னால் எந்தக் காவலையும் விட்டுச் செல்வதில்லை. கருவியை அணைத்த மறுநிமிடம் புதிதாக விழும் வித்துக்கு எந்தத் தடையும் கிடையாது.

உங்கள் கடலைக்கு வருகிறேன். ஆய்வகத்தில் இருபது கிராம் பருப்பை ஒரே அடுக்காகப் பரப்பி, தகட்டுக்குப் பத்து மில்லிமீட்டருக்குள் வைத்துச் செய்கிறோம். பிளாஸ்மாவின் வலுவான பொருட்களில் பல, ஹைட்ராக்சில் போன்றவை, பிறந்த கணத்திலேயே எதையாவது பிடித்துக்கொண்டு மறைந்துவிடும். சில மில்லிமீட்டருக்கு மேல் அவை போவதில்லை. பருப்பின் தொலியில் இருக்கும் சுருக்கம், இரண்டு பருப்பு ஒன்றையொன்று தொடும் இடம், முளை முனையின் பள்ளம், இங்கெல்லாம் நிழல் விழுந்ததுபோல வித்துகள் தப்பிக்கின்றன. பூஞ்சையே பூஞ்சைக்குக் குடை பிடிக்கும்: மேல் அடுக்கு செத்துக் கீழ் அடுக்கைக் காக்கும். மூட்டைக் கணக்கில் கொட்டிவைத்த குவியலுக்குள் நுழையக்கூடியது கொஞ்சம் நிலைத்து நிற்கும் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மட்டும்தான். அப்படியென்றால் அந்த இயந்திரம் நடைமுறையில் ஓர் ஓசோன் அறையாகத்தான் வேலை செய்கிறது. ஓசோன் கருவி இதைவிடப் பல மடங்கு மலிவாகக் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், கடலையில் பூஞ்சை வெளியே மட்டும் இருப்பதில்லை. கடலையைப் பிடிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் மண்ணில் வாழ்வது. அறுவடைக்கு முந்தைய சில வாரங்களில் மழை பொய்த்து மண் காய்ந்து சூடேறினால், காய்க்குள் ஈரம் குறைந்து தற்காப்பு தளர்ந்த நேரத்தில், பூச்சி போட்ட ஓட்டை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் அது உள்ளே போய்விடுகிறது. களத்துக்கு வரும்போதே பருப்பின் உள்ளே குடியிருக்கிறது. பருப்பை இரண்டாகப் பிளந்தால் நடுக்குழியில் மஞ்சளும் பச்சையும் கலந்த தூள் சில நேரம் தெரியும், நீங்களே பார்த்திருப்பீர்கள். தொலிக்கு வெளியே மின்னும் ஊதா வெளிச்சம் அந்த இடத்துக்குப் போவதில்லை.

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிக முக்கியம். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் மடிந்தன. காரணம் தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கு. அதிலிருந்துதான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் செய்யும் இந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நஞ்சு உயிரல்ல, வேதிப்பொருள். அதைச் செய்த பூஞ்சையைக் கொன்றாலும் செய்துவைத்தது அங்கேயே இருக்கும். வறுத்தால் கொஞ்சம் குறையும், போகாது. அளவையும் பாருங்கள்: நம் நாட்டில் கடலைக்கு அனுமதி கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் வரைதான். ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு 4. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

பிளாஸ்மா நஞ்சை உடைக்குமா என்றால், உடைக்கும். அஃப்ளாடாக்சினில் முக்கிய வகையான பி1 மூலக்கூறின் ஓரத்தில் உள்ள வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. நம் கல்லீரல் அந்த இடத்தை மாற்றித்தான் நஞ்சை ஆபத்தானதாக ஆக்குகிறது. ஓசோன் தாக்குவதும் அதே இடத்தைத்தான். கண்ணாடித் தட்டில் காயவைத்த சுத்தமான நஞ்சை இதனால் பெருமளவு அழிக்கலாம், இது உறுதி. கடலையில் அதே நஞ்சு எண்ணெயும் புரதமும் சூழ்ந்து உள்ளே கிடக்கிறது. வெறிகொண்ட பொருட்கள் நஞ்சைத் தேடிப் போவதில்லை, வழியில் கிடைத்ததைப் பிடிக்கின்றன. அதனால் கடலையில் கிடைக்கும் குறைவு எப்போதும் தட்டில் கிடைப்பதைவிட மிகக் கம்மி. உடைந்த துண்டுகள் எண்ணெயோடு சேர்ந்து என்னவாகின்றன, அவை எவ்வளவு பாதுகாப்பானவை என்பதில் இன்னும் முடிவான பேச்சு இல்லை. நஞ்சு குறைய வேண்டும் என்று நேரத்தைக் கூட்டினால் வேறு தொல்லை: கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். பூஞ்சையின் சவ்வுக் கொழுப்பைத் தாக்கும் அதே ஆக்சிஜன் உங்கள் எண்ணெயையும் தாக்கும். நாங்கள் நெடுநேரம் வைத்த ஒரு தொகுதிப் பருப்பு மூன்றாம் வாரமே காறல் வாடை அடித்தது. மரச்செக்கு எண்ணெயை மணத்துக்காக வாங்குகிறவர்களிடம் அதை எப்படிக் கொடுப்பீர்கள்?

இதையெல்லாம் படித்து, குளிர் பிளாஸ்மா ஒன்றுக்கும் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். வழவழப்பான, ஒழுங்கான, ஒரே அடுக்குப் பரப்பில் அது அருமையாக வேலை செய்யும். பொட்டலப் பிளாஸ்டிக் தாளின் மேற்பரப்பு, பல்செட்டில் படியும் கேண்டிடா ஈஸ்ட், விதைக்கும் முன் விதையின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சை, இவற்றில் ஆய்வக முடிவுகள் நன்றாக இருக்கின்றன. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் உணவுப் பொருட்களில் இந்த ஆய்வு நடக்கிறது. மருத்துவமனைகளில் 1990களிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா என்று ஒரு கிருமிநீக்கக் கருவி இருக்கிறது. ஆனால் அதில் முக்கியமாகக் கொல்வது பெராக்சைடு ஆவிதான், பிளாஸ்மாவின் பங்கு கடைசியில் மிச்ச ஆவியை உடைப்பது. இயந்திரத்தோடு வந்த தாளில் படர்தாமரை, நகப்பூஞ்சை தீரும் என்றும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல. ஜெர்மனியில் ஆறாத புண்ணுக்கு இதற்கென்று மருத்துவக் கருவிகள் அனுமதியோடு இருக்கின்றன. நகப்பூஞ்சைக்கு 2017ல் அமெரிக்காவில் 19 பேரை வைத்து ஒரு சிறு முன்னோட்ட ஆய்வு வந்தது. பார்வைக்குத் தேறியவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல், பூஞ்சையே இல்லாமல் போனவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். கடலைக்கு விற்கும் இயந்திரத்தில் யாரும் கைகால் நீட்ட வேண்டாம், தோல் மருத்துவரிடம் போகட்டும்.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் ஊர் டி.எம்.வி. (திண்டிவனம்) கடலை ரகங்கள் பிறந்த ஊர். அங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, ஒரு நடை போய் வாருங்கள். என் அனுபவத்தில் பூஞ்சையைத் தடுக்கும் வேலையில் முக்கால்வாசி ஈரத்தைக் குறைப்பதில் முடிந்துவிடுகிறது. பிடுங்கும்போது காயில் முப்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அதைச் சில நாளுக்குள் எட்டு சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் ஆஸ்பர்ஜில்லஸ் வளரவே முடியாது. காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சரியான சோதனைதான், ஆனால் மழைக்காலத்தில் அது மட்டும் போதாது. ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மழை நேரத்தில் விவசாயிகளிடமிருந்து காய் வாங்கியதும் காற்று ஊதும் ஒரு சிறு உலர்த்தி, தரையில் நேராக அடுக்காமல் பலகை மேல் அடுக்கும் பழக்கம், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி மூட்டை, இவற்றுக்கு அந்த இயந்திரத்தின் விலையில் ஒரு பங்குதான் ஆகும்.

அடுத்தது பொறுக்குவது. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருப்பதில்லை. ஒரு மூட்டையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பருப்புகளில் குவிந்திருக்கும், மற்றவை சுத்தமாக இருக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி குடைந்தது, தொலி உரிந்து கருத்தது, இவற்றைக் கையால் பொறுக்கி எறிந்தால் நஞ்சில் பெரும்பகுதி அதோடு போய்விடும். எறிவது என்றால் எறிவதுதான். இங்கேதான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பொறுக்கிய சொத்தைக் கடலை எண்ணெய்க்கு ஆகும் என்று மலிவாக வரும். அதை வாங்காதீர்கள். ஆலை எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்ப்பதில் நஞ்சு கழிந்துவிடும், செக்கு எண்ணெயில் அந்தப் படி கிடையாது. ஒரு பங்கு எண்ணெயில் இறங்கும், பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கும். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அதே நஞ்சு எம்1 என்ற வேறு உருவில் வரும். அந்தப் பாலைக் குடிப்பது பெரும்பாலும் குழந்தைகள்.

இதற்குப் பிறகும் அந்த இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், விற்பவரின் தட்டில் அல்ல, உங்கள் கடலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளில் நீங்கள் ஆட்டும் அளவை அவர் சொல்லும் நேரத்துக்குள் ஓட்டட்டும். ஓடும்போது அறையில் ஓசோன் வாடை அடித்தால் வெளியேற்றும் குழாய் சரியில்லை என்று அர்த்தம். வேலைத்தளத்தில் ஓசோனுக்கு எட்டு மணி நேர வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்குதான், மூக்கு பழகிவிட்டால் அதன் பிறகு தெரியாது, இருமலும் தொண்டை எரிச்சலும்தான் மிஞ்சும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் மாதிரி எடுங்கள். ஒரு கைப்பிடி போதாது, எல்லா மூட்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒன்றாகக் கலந்து அரைத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அஃப்ளாடாக்சினுக்குக் கொடுங்கள். பூஞ்சை எண்ணிக்கைக்கான தட்டை ஏழாம் நாள் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். இன்னொரு கிலோவை மூடிவைத்து ஒரு மாதம் கழித்து நீங்களே முகர்ந்து பாருங்கள், காறல் வாடையை உங்களைவிட நன்றாகக் கண்டுபிடிக்க எந்தக் கருவியாலும் முடியாது. எண்கள் கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.